இருபத்தேழு மில்லிமீட்டர்

“இருபத்தேழு. போன மாசத்துக்கு ரெண்டு கூடியிருக்கு. குச்சியை மட்டும் விடப்படாது, கேட்டோ” என்றார் பல் டாக்டர் பத்மப்ரியா.

நாற்காலியில் இருந்த பேச்சிமுத்து தலையாட்டிவிட்டு எழுந்து போனார்.

பக்கத்தில் நின்ற உதவியாளர் சுஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்க மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்த கேஜ் இருபத்து நாலுதான் காட்டியது. அவளே பார்த்தாள்.

பேச்சிமுத்து தென்காசிக்காரர். திருவனந்தபுரத்தில் டைல்ஸ் ஒட்டும் வேலை. பத்து வருடம் பாக்குப் பொட்டலம் மென்றதில் கன்னம் இறுகி, ஒரு வாய் சோறு போடவே திண்டாட்டம். ஊசி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் கொடுத்து, வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்ட வேண்டும். தினமும் மூன்று வேளை. உயிர் போகிற வலி.

சுஜா அவருடைய கார்டைப் புரட்டினாள். மூன்று மாதமும் இருபத்து நாலு என்றே டாக்டர் எழுதியிருந்தார். கார்டில் நிஜம், ஆளிடம் பொய்.

சுஜாவுக்குப் பொய் என்றால் ஆகாது. அந்த விஷயத்தில் அவள் கொஞ்சம் முசுடு.

“பேஷன்ட்கிட்ட இப்படிக் கள்ளம் சொல்லலாமா, மேடம்?”

“நகரவே இல்லேன்னு சொன்னா, இன்னிக்கே மறுபடியும் பாக்கு வாங்கிடுவார், சுஜா. அது கேன்சர்ல கொண்டு விட்டுடும்.”

அதற்காக? சுஜாவுக்கு மனம் ஒப்பவில்லை. வாசலுக்குப் போனாள். பேச்சிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, இருபத்தேழு இல்ல. இருபத்து நாலுதான். மூணு மாசமா மாறவே இல்ல.”

சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. மனுஷன் நேராக முக்குக் கடைக்குப் போய் நின்றுவிட்டால்?

பேச்சிமுத்து அசரவில்லை. சட்டைப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட குச்சிக் கட்டை எடுத்தார்.

“பன்னெண்டு குச்சி, சிஸ்டர். ஒரு குச்சிக்கு ரெண்டு மில்லி. பதிமூணாவது இன்னும் நுழையல. டைல்ஸுக்கு நடுவுல ரெண்டு மில்லி விட்டு ஒட்டுதவன் நான். எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா பேசாம கேட்டுட்டுப் போறீங்க?”

“மொத மாசமே விட்டுட்டுப் போயிருப்பேன். அம்புட்டுப் படிச்சவங்க எனக்காவ ஒரு பொய் சொல்லுதாங்க. அதை நெசமாக்காம விடலாமா? இன்னும் ஒண்ணரைக் குச்சிதான்.”

இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும்னு டாக்டர்ட்ட சொல்லிராதீங்க. பாவம், சங்கடப்படுவாங்க.”

சுஜா உள்ளே வந்தாள். டாக்டர் கவலையோடு நிமிர்ந்தார்.

“அவர்கிட்ட என்ன சொன்னே?”

“அடுத்த மாசம் வர வேண்டிய தேதியைச் சொன்னேன், மேடம்” என்றாள் சுஜா.