சொல் பொருத்தம்

ஜாதகத்தை விட்டுவிட்டு இப்போதெல்லாம் சொல் பொருத்தம்தான் பார்க்கிறார்கள். மனதுக்கு நெருக்கமான சொல்லைக் கண் சீக்கிரம் வாசித்துவிடுமாம். எங்கள் நிச்சயதார்த்தத்தன்று மைதிலி திரைமுன் உட்கார்ந்தாள். சபையில் இருந்த எல்லோருடைய பெயர்களும் ஒவ்வொன்றாக வந்தன. 'சேது' என்ற என் இரண்டெழுத்துப் பெயரைப் படிக்க இரண்டு விநாடி எடுத்துக்கொண்டாள். என் உயிர்த்தோழன் ஞானப்பிரகாசத்தின் பெயருக்குக் கால் விநாடி போதுமானதாக இருந்தது.

"பதட்டத்துல அப்படி ஆயிடுச்சுங்க," என்றாள்.

"பதட்டம், பயந்த சுபாவம் எல்லாத்துக்கும் நேரம் கழிச்சாச்சும்மா," என்றார் பரிசோதகர்.

"மெஷின் கோளாறு மச்சான்," என்று ஞானப்பிரகாசம் என் தோளைத் தட்டினான்.

"அப்ப நீயும் உக்காருடா. பாத்துடலாம்."

"கண்ணாடிய வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்டா," என்றான், மூக்கின் மேலிருந்த கண்ணாடியைச் சரிசெய்தபடி.