தனி ரூம் கேட்ட பெரியப்பா

"எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் தனி ரூம் வேணும்."

விடிஞ்சா கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக் கூடத்துல சொந்தபந்தம் அம்புட்டும் பாய் விரிக்க இடம் தேடிக்கிட்டு இருக்கு. அந்த நேரம் பார்த்து எக்ஸ் மிலிட்டரி ஆண்டிச்சாமி இப்படிக் கேட்டுப்புட்டாரு. வயசு அறுபதைத் தாண்டியாச்சு. கூச்சநாச்சம் வேண்டாமா மனுசனுக்கு?

கூடமே கொல்லுன்னு சிரிச்சுது.

ஈஸ்வரிக்கு மட்டும் சிரிப்பு வரல. அவதான் பொண்ணுக்கு அம்மா, ஆண்டிச்சாமிக்குக் கொழுந்தியா.

"அத்தான், ஆம்பளைக மாடியில, பொம்பளைக கூடத்துல. இருக்கது ஒரே ரூமு. அதுல கல்யாணப் பொண்ணு படுக்கப் போறா."

"சின்னப் பிள்ள, எங்க போட்டாலும் தூங்கும். எனக்கு மெஷின் மாட்டணும்ல?"

தோள்ல தொங்குன கருப்புப் பையைத் தட்டிக் காட்டினாரு. குறட்டை விட்டுக்கிட்டே தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கான மெஷின் அது. மூஞ்சியில மாஸ்க்கை மாட்டிக்கிட்டுப் படுத்தா ராத்திரி பூரா காத்தை உள்ள தள்ளும். மாட்டாமத் தூங்கினா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு.

"மாடியிலயும் பிளக் இருக்கு அத்தான். அங்க மாட்டிக்கோங்க."

"மாட்டிவிட உங்கக்கா வேணும். அம்புட்டு ஆம்பளைக்கு நடுவுல அவ எப்படி வருவா?"

"மாட்டிவிட ஆளு வேணுமாம்ல!" மூலையில இருந்து யாரோ எடுத்துக் குடுக்க, மறுபடியும் சிரிப்பு.

ஈஸ்வரிக்குக் கோவம் ஏறிப்போச்சு.

"ராஜபாளையம் என்ன சீமையிலயா இருக்கு? பஸ் ஏறிப் போயி உங்க வீட்டுல படுத்துட்டு வெள்ளன வாங்க."

ஆண்டிச்சாமி வீட்டுக்காரி வெள்ளத்தாய் முகம் சுருங்கிப்போச்சு. ஒத்தத் தங்கச்சி, அவளுக்கு ஒத்த மக. மருதாணி வைக்கதுல இருந்து விடியுமுன்ன தலைக்கு ஊத்துறது வரைக்கும் பெரியம்மா கூடவே இருக்கணும்னு நிச்சயம் பண்ணுன நாளுல இருந்து ஆசைப்பட்டுக் கிடக்கா.

அதை ஓரக்கண்ணால பார்த்தாரு ஆண்டிச்சாமி. "உங்கக்கா இங்கதான் தங்குவா. அவ தங்குனா நானும் தங்குவேன். நான் தங்குனா ரூம் வேணும்."

"ஏக்கா, நீயாச்சும் சொல்லேன். குறட்ட விடுதது அவிய. அதுக்கு என் மக ரூமக் காலி பண்ணணுமா?"

"அவிய பாவம்ட்டி," ன்னா வெள்ளத்தாய் தரையைப் பார்த்துக்கிட்டே. "அத மாட்டிக்கிட்டுத் தூங்குறது லேசா? வாயி வறண்டு போகும். காத்து கசிஞ்சு கண்ணுல அடிக்கும். பிச்சு எறிஞ்சுட்டு ஓடிரலாம்னு வரும். பல நாளு பொட்டுத் தூக்கம் கிடையாது. இப்பத்தான் செத்த பழகியிருக்கு."

"நல்லாப் பரிஞ்சு பேசு. அவிய கூட முழிச்சுக் கெடந்து உன் கன்னத்துல கோடு விழுந்ததுதான் மிச்சம்."

"அது தலகாணி மடிப்புட்டி." வெள்ளத்தாய் அவசரமா கன்னத்தைத் தடவிக்கிட்டா.

அதுவரைக்கும் சும்மா நின்ன சதீஷ் பையைத் திறந்து மாஸ்க்கை எடுத்தான். பொண்ணுக்கு அண்ணன். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை. மாஸ்க்கைப் பார்த்தான், பெரியப்பா மீசையைப் பார்த்தான்.

ஆண்டிச்சாமி மீசை லேசுப்பட்ட மீசை இல்ல. பட்டாளத்துல முறுக்க ஆரம்பிச்சது, இன்னைக்குக் கன்னத்துல ஏறி நிக்குது. பொண்டாட்டியை விட்டாலும் விடுவாரு, மீசையை விடமாட்டாருன்னு தெருவே பேசும்.

"பெரியப்பா, இம்புட்டு மீசைக்கு மேல இந்த மாஸ்க் ஒட்டவே ஒட்டாது. காத்து பூரா வெளிய போயிரும். நெசமாவே இதப் போட்டுத்தான் தூங்குதீகளா? இல்ல, தனி ரூமுக்காக எங்க காதுல பூச்சுத்துதீகளா?"

வெள்ளத்தாய், என்ன சொல்லப் போறாரோன்னு புருசன் மூஞ்சியையே பார்த்தா.

ஆண்டிச்சாமி மீசையை ஒருதரம் நீவி விட்டுக்கிட்டாரு.

"அட, அதான் கசிஞ்சுதா! இம்புட்டு நாளா ஒருத்தனும் சொல்லலையே. ஏலே சதீசு, ரேசர் இருக்கா?"

எல்லாரும் விளையாட்டுக்குச் சொல்லுதாருன்னுதான் நினைச்சாங்க. கொல்லைப்பக்கக் குழாயடிக்குப் போனவரு திரும்பி வரும்போது மீசையைக் காணோம். வெயிலே படாத மேலுதடு மட்டும் வெள்ளைவெளேர்னு தெரிஞ்சுது.

ஈஸ்வரி தலையில அடிச்சுக்கிட்டா. "அய்யய்யோ! இதென்ன எழவு வீடா, மீசைய மழிச்சுட்டு வந்து நிக்கீக? நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ஒரு ரூமுக்காகவா அத்தான்?"

"இப்ப ஒட்டும்ல? ரூமக் குடு."

கல்யாணப் பொண்ணு தலகாணியோட வெளிய வந்து கூடத்துல படுத்தா. "பெரியப்பாவுக்கு இன்னும் ஆச விடல பாத்தியா," ன்னு பொம்பளைக போர்வைக்குள்ள கிசுகிசுத்தது ரூமுக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு.

ஆண்டிச்சாமி கதவைத் தாழ்ப்பாள் போட்டாரு. மெஷினைப் பிளக்குல சொருகினாரு.

வெள்ளத்தாய் அவரு மழிச்ச உதட்டைத் தொட்டுப் பார்த்தா. "எதுக்குங்க இப்படிப் பண்ணுனீக?" முந்தானையை வாயில வச்சுத் தேம்பினா.

"ஏட்டி, மீச தானா வளந்துக்கிடும். அழுதேன்னா உனக்கு மூக்கு அடைச்சுக்கிடும், பொறவு தூக்கம் போச்சு. குறட்ட விடுதது நீதான்னு ஒரு பயலுக்கும் தெரியாது. திரும்பு, கன்னத்துல கோடு விழாம மாஸ்க்க மாட்டிவிடுதேன்."