நம்முடையது

1860ஆம் ஆண்டு ஜூன் இரண்டாம் நாள், அமெரிக்கப் பாலைவனத் தபால் நிலையத்தார் அங்கிருந்த ஒரே ஊற்றைச் சுற்றி வேலியிட்டிருந்தனர், அது அநியாயம். அந்த மண்ணின் பழங்குடியான பையூட் இனத்து வீரன் தாபேயின் பிள்ளைகள் நேற்றிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வேலிக்கு அப்பால் சிப்பாய்கள் துப்பாக்கி ஏந்தி நின்றனர். இப்பால் குதிரைகள் நீரின் வாசம் பட்டு, நிலைகொள்ளாமல் குளம்பால் மண்ணைப் பறித்தன.

"பேசிப் பேசித் தொண்டை எச்சிலும் காயப்போகிறது, அண்ணா" என்றான் தம்பி, வில்லைத் தடவியபடி.

"வாயை மூடு, அதுவாவது மிஞ்சும்" என்று அதட்டிவிட்டுத் தாபே முன்னே வந்தான். தன் மார்பில் தொடங்கிச் சிப்பாய்களையும் சேர்த்துக் கையால் வட்டமிட்டபடியே, "ஊற்று நம்முடையது" என்றான்.

நம் மொழியில் உள்ளதைப் போலவே அவன் மொழியிலும் கேட்பவரைச் சேர்க்க ஒரு சொல், விலக்க ஒரு சொல். நிலையக் காவலன் ஹார்லன் மொழிபெயர்த்த ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒன்றே. படை அதிகாரி அதனை 'எங்களுடையது' என்றே கொண்டான். கைவட்டத்தை, சிப்பாய்களை வளைத்துக்கொள்ளச் சொல்லும் சைகையாகக் கண்டான்.

"சுடு!"

தம்பி சாய்ந்தான். தாபேயின் கை இன்னும் வட்டத்தை முடிக்கவில்லை.

வாசகரே, அடுத்த குண்டு புறப்படுமுன், 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு என்று அந்த அதிகாரிக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள்.