இறங்காத கூடை

“இந்த மாதிரி விளம்பரத்தையெல்லாம் அரசாங்கமே தடை பண்ணணும்! சட்டம் போட்டுத் தடை பண்ணணும்!”

காலங்காத்தால என் ரொட்டிக் கடை வாசல்ல நின்னு இப்படிக் கத்தினது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம நக்லே வாத்தியார்!

ஹாஜியார் கத்தியிருந்தா நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். பொண்ணுங்க முழங்கை தெரிஞ்சாலே உலகம் அழியப்போகுதுங்கிறவர் அவர். ஆனா வாத்தியார்? பெய்ரூட்டுல எந்தப் படத்தைத் தடை பண்ணினாலும் அதை எதிர்த்துக் கொடி பிடிச்சு முதல் ஆளாப் போனவராச்சே!

விஷயம் இதுதான். எங்க கட்டடத்துல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. ஆளுங்க துபாய், கனடான்னு போயாச்சு. வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? கோடை ஆரம்பத்துலேயே என் கடைக்கு மேலேர்ந்து மொட்டை மாடி வரைக்கும் ஒரு உள்ளாடைக் கம்பெனி பேனரைத் தொங்கவிட்டுட்டான். ஆறு மாடி உயரத்துக்குப் பொண்ணு. துணி அரை மாடிக்குக்கூடத் தேறாது.

பக்கத்துக் கடையில முடி வெட்டுற ரீமுக்குச் சிரிப்பு தாங்கலை.

“என்ன வாத்தியாரே, வயசான காலத்துல ஞானம் வந்துடுச்சா? பிடிக்கலைன்னா தலையைக் குனிஞ்சுட்டுப் போங்க. இன்னைக்கு அவ துணியைத் தடை பண்ணுவாங்க. நாளைக்கு ஸ்கேலை எடுத்துக்கிட்டு என் பாவாடையை அளக்க வருவாங்க!”

“உன்னை யாரும்மா சொன்னா? இந்த பேனர் இறங்கணும். அவ்வளவுதான்.”

“அல்லா உங்களுக்கு நேர்வழி காட்டிட்டான்!” ஹாஜியார் வாத்தியாரைக் கட்டிப்பிடிச்சு மாத்தி மாத்திக் கன்னத்துல முத்தம் வெச்சார்.

எனக்கு எரிச்சலா வந்தது. வாத்தியார் சம்சாரம் மதாம் அதேல் இடுப்பு ஒடிஞ்சு நாலாவது மாடியில படுத்த படுக்கை. அப்படியிருந்தும் ஜன்னல் ஓரத்துல கட்டிலைப் போட்டுக்கிட்டு, தினம் கயித்துல கூடையை இறக்குவாங்க. “அபூ ஹன்னா, இன்னைக்காவது கருகாம சுட்டியா?”ன்னு மேலேர்ந்தே ஒரு குத்தல். நான் ரொட்டியை வெச்சு, கயித்தை ஒரு சுண்டு சுண்டினா கூடை ஏறிடும். இந்தக் கோடை முழுக்கக் கூடை இறங்கவே இல்லை. வாத்தியார்தான் வந்து வாங்கிட்டுப் போறார். அந்தம்மா அவ்வளவு முடியாம கிடக்க, இந்த மனுஷனுக்குப் பொம்பளை படம்தான் பெரிய கவலையாப் போச்சு!

சொல்லியும் விட்டேன். “நீங்க வீட்டுல மதாமைக் கவனிங்க வாத்தியாரே. தெருவோட ஒழுக்கத்தை ஹாஜியார் பார்த்துப்பார்.”

வாத்தியாரோட முகம் சுண்டிப் போச்சு.

ஹாஜியார் சும்மா விடுவாரா? பள்ளிவாசல் ஆட்களோட, என்னைக்கும் முகம் பார்த்துப் பேசாத பாதிரியாரையும் சேர்த்துக்கிட்டு நகராட்சிக்குப் போனார். மறுநாளே கிரேன் வந்து பேனரைக் கழட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

அடுத்த நாள் காலையில என் தலையில டொக்குனு ஒரு இடி. கூடை!

“அபூ ஹன்னா! உன் வழுக்கை இவ்வளவு பெரிசாயிடுச்சே!”

அடடா, மதாமுக்கு உடம்பு தேறிடுச்சேன்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரொட்டிக்கு மேல வெள்ளரிப் பிஞ்சு ரெண்டு வெச்சு அனுப்பினேன்.

பத்து நாள்கூட ஆகலை. வீட்டுக்காரன் புது பேனரை மாட்டிட்டான். இந்தத் தடவை குளிர்காலக் கோட்டு போட்ட பொண்ணு. கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் பட்டன். கையில உறை. தலையில முக்காடு.

ஹாஜியார் பக்லாவா இனிப்புப் பெட்டியோட வந்துட்டார். “பார்த்தீங்களா! ஒழுக்கம் ஜெயிச்சுடுச்சு. வாயைத் திறங்க வாத்தியாரே!”

வாத்தியார் அண்ணாந்து பார்த்தார். “இதையும் இறக்கணும்.”

“எதை?”

“இந்த பேனரைத்தான். அதை மாதிரியே இதுவும்.”

ரீம் தலையில அடிச்சுக்கிட்டா. ஹாஜியாருக்கே பொறுக்கலை. “என்ன வாத்தியாரே, விரல் நகம்கூடத் தெரியலையே! இதுல என்ன ஆபாசம்?”

வாத்தியார் என் மாவு மூட்டை மேல பொத்துனு உட்கார்ந்தார். 

“அவ அம்மணமா நின்னாக்கூட எனக்கென்ன ஹாஜியார்? பின்னாடி என் அதேலோட ஜன்னல் இருக்கு. கரண்ட் வர்றதே அபூர்வம். காத்தும் இல்லாம, பகல் எது ராத்திரி எதுன்னு தெரியாம கிடக்கா. ‘வீடு இருட்டா இருக்குய்யா’ன்னு நகராட்சிக்கு நடையா நடந்தேன். ‘நீ பழைய வாடகை ஆளு, கொடுக்கறதே கால் காசு, உனக்கு ஜன்னல் ஒரு கேடா’ன்னு வீட்டுக்காரன் சொன்னதையே அவங்களும் சொன்னாங்க. ‘அசிங்கமா இருக்கு’ன்னேன். ஊரே கூடிடுச்சு. இப்போ என்னன்னு சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க.”

 கோடை முழுக்க எல்லாரும் படத்தைத்தான் பார்த்திருக்கோம். பின்னாடி ஒரு ஜன்னல் இருக்குன்னு, கூடையிலே ரொட்டி வெச்ச எனக்கே தோணலை.

ஹாஜியார் பக்லாவா பெட்டியைக் கீழே வெச்சார்.

“அபூ ஹன்னா, அந்த ரொட்டிக் கத்தியை எடு.”

வாங்கிக்கிட்டு மாடிப்படியில மூச்சிரைக்க ஏறினார். கொஞ்ச நேரத்துல மேலே ‘சர்ர்ர்’னு ஒரு சத்தம். பேனர்ல கோட்டு போட்ட பொண்ணோட வயித்துல, பட்டன்களோட சேர்த்து ஒரு சதுரம் கிழிஞ்சு தொங்கிச்சு. அது வழியா முதல்ல ஹாஜியாரோட தாடி வெளியே வந்தது. அப்புறம் கூடை.

பொண்ணுங்க முழங்கை தெரிஞ்சாலே பொறுக்காத மனுஷன், நடுத்தெரு பார்க்க ஒரு பொண்ணோட கோட்டைக் கிழிச்சுட்டு, சத்தமாக் கத்தினார்:

“மதாமுக்கு ரெண்டு ரொட்டி! கருகாமப் பார்த்து வைடா!”