சத்தமாகச் சொல்லுங்கம்மா

"கேக்கலைம்மா. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

திரையில் அதிகாரி காதருகே கையைக் குவித்துக் காட்டினார்.

ஏரல் பிரவுசிங் சென்டரில் இருந்த ஒரே ஹெட்போனும் செத்துப்போய் ஆணியில் தொங்கியது. அவர் பேசுவது ஸ்பீக்கரில் தெருவரைக்கும் கேட்டது.

நம் அந்தரங்கத்தைக் காப்பாற்றவென்றே நடக்கும் வாரியமாம். எல்லாமே ஆன்லைனாம். தையில் கொடுத்த புகாருக்கு அவர்கள் பொறுக்கியெடுத்த நாள் ஆடி அமாவாசை. ஆற்றில் முங்கிவிட்டுக் கோயிலில் சேர்மன் சாமியைக் கும்பிடச் சுற்றுவட்டாரமே ஏரலில் வந்து நிற்கும் நாள். அவர்களுக்கு ஏரலாவது, அமாவாசையாவது!

வேறு நாள் கேட்டேன். வராவிட்டால் புகார் தள்ளுபடி என்று பதில் வந்தது.

வீட்டில் பேச முடியாது. ஆவணியில் எனக்குக் கல்யாணம். கூடம் நிறைய சொந்தக்காரர்கள். பக்கத்தில் பிரவுசிங் சென்டர் என்று இருப்பது இது ஒன்றுதான். அதனால்தான் பஸ் ஏறி இங்கே வந்தேன்.

நான் ரத்தம் கொடுத்த லேப், என் நோயை ஒரு மாத்திரைக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. துணைக்கு வந்த மணிராஜின் நம்பரையும் சேர்த்தே விற்றது. கட்டிக்கொள்ளப்போகிற அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் வீட்டுக்குத்தான் தெரியாது. அவன் அப்பா காதில் விழுந்தால் அந்த நிமிஷமே தாம்பூலத்தைத் திருப்பிவிடுவார்.

இத்தனையும் மூன்று தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. வாயால் சொன்னால்தான் பதிவாகுமாம்.

"எந்தத் தகவல் கசிஞ்சதுன்னு சொல்லுங்கம்மா. சத்தமா."

எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வலிப்பு சார்! எனக்கு வலிப்பு வரும்! அதத்தான் வித்துட்டானுவ!"

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். வெயிலுக்கு ஒதுங்கி நின்ற கூட்டம் பேச்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

அதிகாரிக்கு இப்போது நன்றாகக் கேட்டுவிட்டது. "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ஊரே இருக்கு சார்."

அவர் எதையோ புரட்டிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"அப்போ நீங்களே பொதுவெளியில சொல்லிட்டீங்க. தானா வெளியிட்ட தகவலுக்குச் சட்டத்துல பாதுகாப்பு கிடையாதும்மா. புகாரை முடிச்சுக்கலாம்."

கும்பிடு போட்டுவிட்டு மறைந்தார். விளங்கிவிடும்! இந்தக் காவலுக்கு அந்தத் திருட்டு லேப்காரனே தேவலை. அவன் ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் விற்றான்.

நான் எழுந்திருப்பதற்குள் என் தோளில் ஒரு ஈரக்கை விழுந்தது.

மணிராஜின் அம்மா சுடலைவடிவு. ஆற்றில் முங்கிய தலை இன்னும் துவட்டவில்லை. நெற்றித் திருநீறு கரைந்து கொண்டிருந்தது.

அத்தை குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"ஏட்டி செல்வி, என்னத்துக்குட்டி இப்படிக் கத்துன? அந்த மாத்திரைக்காரன் பங்குனியிலயே மணிராஜ் நம்பருக்குப் போன் பண்ணிட்டான். நாந்தான் எடுத்தேன். கட்டுன புருசங்கிட்டகூட நான் மூச்சு விடலையே, பாவி மவளே!"

வாசலில் மணிராஜின் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.