டோர்பெனின் ஓயாத கை

"இதோ, இப்பக்கூட ஆட்டறான் பாருங்க லிஸ்பெத்! வேலை பாக்கற கையா இது?"

முதலாளி ஹோல்கர் இடது கையால் திரையைக் குத்திக் காட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் வரிவரியாய்க் கொட்டிக்கொண்டிருந்தன. மவுஸ் இம்மி நகர்ந்தால் ஒரு வரி, பொத்தானை அமுக்கினால் இன்னொரு வரி.

ஒருவனை வேலையிலிருந்து தூக்குவதென்றால் தொழிற்சங்கப் பிரதிநிதி பக்கத்தில் இருந்தாக வேண்டும். லிஸ்பெத் அதற்காகத்தான் வந்திருந்தார். தூக்கப்பட இருந்தவன் டோர்பென். சாம்ஸோ தீவில் வீட்டிலிருந்தபடி புரோகிராம் எழுதுகிறவன், வெள்ளிக்கிழமை மட்டும் படகேறி ஓர்ஹூஸ் அலுவலகத்துக்கு வருவான்.

படகுக் கம்பெனிக்கு அவன் எழுதித் தரவேண்டிய டிக்கெட் புரோகிராம் இழுத்துக்கொண்டே போனது. போதாததற்குப் போன வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் எல்லாருக்கும் காலை ரொட்டி வாங்கிவரும் முறை அவனுடையது, வெறுங்கையோடு வந்து நின்றான். புரோகிராமை ஹோல்கர் மன்னித்திருந்தாலும் மன்னித்திருப்பார்.

ஆகவே இன்று காலை தன் மேசையில் இருந்தபடியே, லைன் வழியாக டோர்பெனின் கணினிக்குள் நுழைந்து, மவுஸ் அசைவைக் காட்டும் கட்டளையை அடித்தார். ஒரு வரிகூட வரவில்லை. "தூங்கறான், தடியன்" என்று உறுமினார்.

சற்று நேரத்தில் லைன் அறுந்தது. மறுபடி கறுப்புத் திரை வந்து நின்றதும், லைன் திரும்ப வந்ததா என்றுகூடப் பார்க்காமல், அதே கட்டளையை விசைகள் அதிர ஓங்கி அடித்தார். இந்தத் தடவை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வேவு பாக்கறீங்களா? இதுக்கே உங்க மேல புகார் எழுதலாம்" என்றார் லிஸ்பெத்.

"எழுதுங்க! நான் சம்பளம் குடுப்பேன், அவன் சீட்டு விளையாடுவானா? மேல இழுக்கறான், கீழ இழுக்கறான், ஊஞ்சலா ஆடறான் அங்க?"

ஹோல்கருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு கழுத்து. அதற்குக் கீழே சட்டை இருந்ததால் சிவப்பு எதுவரை போனது என்று யாருக்கும் தெரியாது.

ஆத்திரத்தில் பசி வேறு. கறுப்பு ரொட்டியை எடுத்து அழுத்தி அழுத்தி வெண்ணெய் தடவினார். திரையில் எண்கள் நின்றுபோயின.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! தீனி திங்கப் போயிட்டான்!" என்று வாய் நிறைய ரொட்டியோடு கத்தினார்.

கையைத் துடைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டார். எதிர்முனையில் டோர்பென் எடுப்பதற்குள் எண்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன.

"என்னப்பா டோர்பென், ஆட்டத்துல ஜெயிச்சியா?"

"என்ன ஆட்டம்? காலையிலேருந்து டிக்கெட் புரோகிராமைத்தான் கட்டிக்கிட்டு அழறேன். படகுக்காரங்க தினம் ஒண்ணு மாத்தச் சொல்றாங்க, நீங்க ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிட்டு வர்றீங்க. எப்படி முடியும்?"

"வாயை மூடு! திருட்டுத்தனம் பண்ணிட்டு என்னையே குத்தம் சொல்றியா? இன்னியோட உனக்கு இங்க வேலை கிடையாது. லிஸ்பெத் பக்கத்துல இருக்காங்க, அவங்களே சாட்சி."

போனில் டோர்பெனின் குரல் தணிந்தது.

"ஹோல்கர், இங்க வீடு வாங்கி ரெண்டு பிள்ளைங்களப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கேன். தீவுல வேற என்ன வேலை இருக்கு, உருளைக்கிழங்கு தோண்டவா? எதை வெச்சு என்னைத் திருடன்னு சொல்றீங்க?"

"உன் மவுஸை வெச்சுத்தான்! ஒவ்வொரு அசைவும் என் கண்ணு முன்னால ஓடுது. என்கிட்ட பேசிக்கிட்டே இழுத்துட்டிருக்கியேடா, வெக்கமா இல்ல?"

"என் மவுஸா?" டோர்பெனின் குரலும் இப்போது உயர்ந்தது. "எனக்கு ஏது மவுஸ்? கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கே பிடுங்கி எறிஞ்சிட்டேன். நான் விசைப்பலகையிலயே எல்லாத்தையும் பண்றவன்."

"பொய்! பச்சைப் பொய்!" ஹோல்கர் மேசை குலுங்க எழுந்தார். எண்கள் அருவியாய்க் கொட்டின. "இதோ ஓடுது! லிஸ்பெத், நீங்களே சொல்லுங்க, ஓடுதா இல்லியா?"

லிஸ்பெத் திரையைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"ஹோல்கர், உங்க வலது கையை மவுஸ்லேருந்து கொஞ்சம் எடுங்க."