ஏழாம் வழி

"கயிறு கட்டி மலை ஏறுற பையன்னு தெரிஞ்சா யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்க சாமி. வாயத் திறக்காத" என்று அம்மா காரிலேயே சொல்லிவிட்டாள். இளம்பிள்ளையில் பெண் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து நவீன்குமார் சிராய்த்த உள்ளங்கைகளை மூடியே வைத்திருந்தான்.

"எங்க யாழினிக்கு பக்தி ஜாஸ்திங்க. அமாவாசை தவறாம கஞ்சமலைக் கோயிலுக்குப் போயிருவா. காலையில போனா பொழுது சாயத்தான் ஊட்டுக்கு வருவா" என்றார் பெண்ணின் அப்பா.

தனியாகப் பேச மாடிக்கு அனுப்பினார்கள். யாழினி அவன் கையைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க காயம்?"

அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. "கஞ்சமலைப் பாறையில ஏறுனேனுங்க. வழிகாட்டிப் புத்தகத்துல ஏழாம் வழி சுலபம்னு போட்டிருந்துச்சு. எழுதின ஆளு அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான்."

"இடது பக்க வெடிப்புல கை வெச்சீங்களா?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மழை பேஞ்சா அங்க வழுக்கும். எழுத மறந்துட்டேன். அடுத்த பதிப்புல சேத்துடறேனுங்க. அப்பாகிட்டச் சொல்லிராதீங்க."

கீழே வந்ததும் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"அடுத்த அமாவாசைக்கு நானும் அவங்ககூட கோயிலுக்குப் போறேனுங்க" என்றான்.

பெண்ணின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படியொரு பக்தியான மாப்பிள்ளை கெடைக்கத்தான் எம் பொண்ணு இத்தன வருசமா மலை ஏறியிருக்கா."